ரேகை விழாத கட்டைவிரல்

சிங்கப்பூரில் விமானத்தை விட்டு இறங்கும்போதே பாஞ்சாலைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டின் மேல் பழி போடலாம். ஆனால் உண்மைக் காரணம் பக்கத்தில் நடந்துவந்த ஓரகத்தி நீலாவதிதான்.

வெளியே காத்திருப்பவன் இளவழகன், பாஞ்சாலை பெற்ற பிள்ளை. விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், சூளைக்குப் போகுமுன் காய்ந்த களிமண் கப்புகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து அவனைப் படிக்க வைத்தவள் அவள். ஆனால் சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது, ஸ்கூலுக்குக் கூட்டிப் போனது எல்லாம் வீட்டிலிருந்த நீலாவதி. டிக்கெட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறான். முதலில் யாரைக் கட்டிப்பிடிப்பான்? சென்னையில் ஏறியதிலிருந்து அந்த ஒரு கேள்விதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

குடியேற்றச் சோதனையில் ஆளே இல்லை, கண்ணாடிக் கதவுதான். பாஸ்போர்ட்டை வைத்துக் கட்டைவிரலை அழுத்த வேண்டும். நீலாவதி அழுத்தினாள், பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. பாஞ்சாலை அழுத்தினாள், சிவப்பு. ரேஷன் கடை மிஷினுக்குச் செய்வது போலவே விரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்து மறுபடி வைத்தாள். தேங்காயெண்ணெய் கண்ணாடியெல்லாம் அப்பிக்கொண்டது. மிஷின் கீச்சென்று கத்தியது.

"என்னக்கா ஆச்சு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து நீலாவதி கேட்டாள்.

"நீ போயேன். ஒனக்குத்தான் கதவு தொறந்துடுச்சே!"

தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் வந்து பாஞ்சாலையைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேகையே இல்லையேம்மா. என்ன வேலை பாத்தீங்க?"

"கப்பு தேச்சேங்க. அதோட இதுவும் தேஞ்சிடுச்சு."

கண்ணைப் படம் பிடித்து, முகத்தைப் பிடித்து, பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்து விடுவதற்குள் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது. அவ்வளவு நேரமும் நீலாவதி இளவழகனின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவதாகவே அவளுக்குத் தோன்றியது. பாவி, நான் விரல் தேய உழைத்தபோது என் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இப்போது தேயாத விரலைக் காட்டி முந்திக்கொண்டாள்.

கடைசியில் வெளியே விட்டார்கள். பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் இரண்டு பேருடைய பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு நீலாவதி உட்கார்ந்திருந்தாள்.

"அவனப் பாக்கப் போவலியா?"

"நீ இல்லாம எப்பிடிக்கா அவன் முன்னாடி போயி நிப்பேன்? நீ முன்ன போ. நான் பையத் தள்ளிக்கினு வரேன்."

இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாள். பாஞ்சாலைக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. ஆனாலும், வேண்டாம் என்று அவள் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.

வாசலைத் தாண்டியதும் "அம்மா!" என்று இளவழகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவள் விரல்கள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தன. அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"சின்னம்மா எங்கம்மா?"

"பின்னாடி வரா" என்றாள் பாஞ்சாலை, பிடியை விடாமல். "நீ செத்த நேரம் இப்பிடியே இருடா."