குழாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டதற்கு

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு அனுமதி வாங்க இன்ஜினியர் நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்காரன் சரி என்றால் மீன்வளத்துறைக்காரன் கையை விரிப்பான். இவன் சரி என்பதற்குள் அவன் கொடுத்தது காலாவதியாகிவிடும். கண்ணெதிரே அவ்வளவு பெரிய கடல், வீட்டிலோ லாரித் தண்ணீர். அதில் குளித்துக் குளித்து அவருடைய மகளுக்கு, பாவம், உடம்பெல்லாம் தடிப்பு.

"இந்தத் தடவையும் இழுத்தடிச்சாங்கன்னா, புள்ளையக் கூட்டிக்கிட்டு தங்கச்சி ஊருக்குப் போயிடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

கடைசி முட்டுக்கட்டை வெளியாள்கூட இல்லை, சொந்த மச்சான். மனைவியின் அண்ணன், படகு வைத்து மீன் பிடிப்பவர். ஆலை வெளியே விடும் உப்புக்கழிவு தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் இன்ஜினியரே மச்சானின் படகில் ஏறினார். வாந்தி எடுத்துக்கொண்டே நீரோட்டம் அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்தார். கழிவுக்குழாய் வரவேண்டிய இடத்தில் தண்ணீர் ஓட்டமே இல்லாமல் தேங்கிக் கிடந்தது. வடக்கே நல்ல ஓட்டம். அங்கே கொஞ்சம் தள்ளிப் போட்டால் உப்பு கலைந்து போய்விடும், இருவருக்கும் வம்பில்லை. வரைபடத்தைத் திருத்தி, மச்சானையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார்.

அதிகாரி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "குழாய் இடம் மாறிடுச்சே சார். அப்ப இது புது விண்ணப்பம். எல்லாத் துறையும் முதல்லருந்து பாக்கணும்."

"அட, எதிர்த்தவரே சரின்னு வந்து நிக்கிறாரே!"

"பழைய இடம்னா சொல்லுங்க. இவரு எதிர்ப்ப வாபஸ் வாங்கிட்டா நாளைக்கே முத்திரை போட்டுடலாம்."

மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது இன்ஜினியருக்கு. மச்சானோ பேனாவை எடுத்தார்.

"பழசுலயே போட்டுடுங்க மாப்ள. மருமக உடம்பு தேறட்டும். எனக்கென்ன, வேற வேலை பாத்துக்கறேன்."

இன்ஜினியர் பேனாவைப் பிடுங்கினார். "சும்மா இருங்க மச்சான்!" என்று கத்திவிட்டு, அதிகாரியிடம் புது விண்ணப்பம் கேட்டார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். "நல்ல காரியம் பண்ணீங்க. அண்ணன் பொழப்பக் கெடுத்துட்டு நான் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாள். சொன்ன கையோடு பீரோவைத் திறந்து மகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"நல்ல காரியம்னியே!"

"நல்லதுதான். அதுக்காக இவ சொறிஞ்சுக்கிட்டே கெடக்க முடியுமா?"

மறுநாள் பஸ் ஏற்றிவிட மச்சானும் வந்தார். ஜன்னல் வழியே மகள், "அப்பா, எங்கள எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போவ?" என்றாள். எந்தத் துறை எப்போது வாயைத் திறக்கும் என்று தெரியாத மனுஷன் என்ன சொல்வார்? "சீக்கிரம்டா கண்ணு" என்று மச்சான்தான் பொய் சொன்னார்.