நூற்றுப் பன்னிரண்டாம் தாள்

பொடிசு என்றால் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயதாகியும் உயர வரிசையில் முதலில்தான் நிற்பாள். அவள் கடைசி வகுப்பு. அவளுடைய அப்பா அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார்.

அந்த வருடம் மாணவர்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். கேட்டது இரண்டே விஷயம். பள்ளியில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறார்களோ, அதே அளவு இந்தப் பக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். கூடும் இடம், குழாயில் தண்ணீர் வராத பழைய ஆய்வகம்.

"இங்க ஆராய்ச்சி பண்ண நாம மட்டும்தான் மிச்சம்" என்பாள் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். குழுவுக்கு அவள்தான் தலைவி, பொடிசுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி.

வகுப்பு வகுப்பாகப் போய் ஒரு தாள் கொடுத்தார்கள். பேர் எழுத வேண்டாம். இரண்டு கேள்வி. உன்னை யாராவது அடித்திருக்கிறார்களா? உன் வகுப்பில் என்ன இல்லை? முந்நூற்று நாற்பது தாள் திரும்பி வந்தது. எண் போட்டு, பங்கு பிரித்து, கணினியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் தாள் பொடிசின் பங்கில் வந்தது. குண்டு குண்டான எழுத்து.

'ஒன்பதாம் வகுப்பு. கணக்கு நேரம். நோட்டுக் கொண்டுவரவில்லை. சார் இடது காதோடு சேர்த்து அறைந்தார். அன்றிலிருந்து போன் பேசினால் வலது காதில்தான் கேட்கிறது. சார் நல்லவர். அப்புறம் அதே கணக்கைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். வகுப்பில் இல்லாதது: உட்கார இடம். ஒரு பெஞ்சில் நாலு பேர். ஐந்தாவது ஆள் நிற்க வேண்டும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். எழுத்துப் பிழை இருந்த ஒரு இடத்தில் பிழையோடவே ஏற்றிவிட்டு, நூற்றுப் பதிமூன்றை எடுத்தாள்.

சுருட்டைக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

"இத எடுத்துடலாம்டி. முந்நூத்தி நாப்பதுல ஒண்ணு கொறஞ்சா யாருக்குத் தெரியப் போவுது?"

"இருக்கட்டும்."

"உங்கப்பாடி."

"தெரியும். இருக்கட்டும்."

மாணவர்கள் சொல்வதைக் கேட்க மாவட்டக் கல்விக்குழு ஒரு விசாரணை வைத்தது. அதில் படிப்பதற்குப் பத்துத் தாள் பொறுக்கினார்கள். இரண்டு கோரிக்கையும் ஒன்றாக இருக்கிற தாள் என்று நூற்றுப் பன்னிரண்டுக்குப் பத்துக் கை உயர்ந்தது. யார் படிப்பது என்ற கேள்வி வந்தபோது ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். "நானே படிக்கறேன்" என்றாள் பொடிசு. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் வீட்டில் அப்பா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். மறுநாளைக்கான தன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்குப் படிக்கிற தாள்ல ஒண்ணு உங்களப் பத்தி."

சிவப்புப் பேனா நிற்கவில்லை. "பேர் போட்டிருக்கா?"

"இல்ல. ஒன்பதாம் வகுப்பு கணக்குன்னு இருக்கு. அது நீங்க ஒருத்தர்தானே."

"எந்தப் பிள்ள எழுதினது?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"எழுபத்தோரு பேரு. ஒரே ரூம்ல எழுபத்தோரு பேர வெச்சிக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற?"

"அதுவும் தாள்ல இருக்குப்பா."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வேற யாராச்சும் படிக்கக் கூடாதா?"

அப்பா இன்னும் இரண்டு தாள் திருத்தினார். பிறகு, "எந்தக் காது?" என்றார்.

"இடது."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். நெடுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா இஸ்திரியைத் தொடர்ந்தாள்.

விசாரணை மண்டபத்தில் குளிர் அதிகம். மேடையில் மூன்று அதிகாரிகள், நடுவில் தலைவர் அம்மையார். ஆளுக்கு இரண்டு நிமிடம், முடிந்தால் மணி அடிப்பார்கள். ஆசிரியர்களுக்கு மூன்றாவது வரிசை. அப்பா அங்கே ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கி அவள் நெற்றிக்கு நேராக நின்றது. ஒரு ஊழியர் வந்து அதைத் தாழ்த்தினார்.

வருகைப் பதிவு வாசிப்பதுபோல வாசித்தாள். 'சார் நல்லவர்' என்ற இடத்திலும் குரல் மாறவில்லை. முடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. அவள் அப்படியே நின்றாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் தலைவர்.

"முடிஞ்சுது."

அடுத்து சுருட்டை ஆற்றின் இரண்டு பக்கத்துப் பள்ளிகளின் செலவுக் கணக்கையும் மூச்சு விடாமல் சொன்னாள். நிதி அதிகாரி தலையாட்டி, "பரிசீலிக்கிறோம்" என்றார். எல்லாம் முடிந்து நாற்காலிகள் நகர ஆரம்பித்தபோது அப்பா எழுந்தார். பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒலிவாங்கிக்கும் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே வகுப்பில் பேசும் குரலில் பேசினார்.

"அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான். அடிச்சது நெசம். எழுபத்தோரு பேருங்கிறதும் நெசம். அத சாக்கா சொல்ல வரல. பிள்ளைங்க ரெண்டு கேட்டிருக்காங்க. செலவில்லாதத மட்டும் குடுத்து அனுப்பிடாதீங்க."

யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அறிவியல் வாத்தியார் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. அடிப்பது இன்றுமுதல் தடை. நிதி அடுத்த ஆண்டு பரிசீலனைக்கு. அப்பாவை, அவர்மேல் நடக்கும் விசாரணை முடியும்வரை மாவட்ட அலுவலகத்தில் பதிவேடு அடுக்க அனுப்பினார்கள். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நேரம் சும்மா போனது.

சுருட்டை சுற்றறிக்கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "ஜெயிச்சிட்டோம்டி! பாதி ஜெயிச்சிட்டோம்!" பொடிசும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

மாணவர்களில் சிலர் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். சிலர் தேடி வந்து கை கொடுத்தார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலவே இருந்தது. நடைபாதையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரும்போது மட்டும், கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்ப்பாள். பார்க்கப் பார்க்க எல்லாருமே வலது பக்கம் திரும்புவதுபோல இருந்தது.

குழு விடவில்லை. சனிக்கிழமைகளில் ஆற்றின் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். ஆறு பள்ளி சேர்ந்தது. இரண்டாவது விசாரணைக்கு நாலாயிரம் தாளோடு போய் உட்கார்ந்தார்கள். அம்மா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சீருடையோடவே வந்து பின்வரிசையில் இருந்தாள். அன்று ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு வகுப்பறையும், பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகரும் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துக்கு ஈடான தொகை என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கும் கடிதம் வந்தது. எச்சரிக்கை, பத்து நாள் பயிற்சி, அதன்பின் பழைய பள்ளிக்கே. சாப்பிடும்போது அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா படித்துவிட்டு, "நல்லதுதானே" என்றாள். "என்ன, பயமா இருக்கா?"

"பயமில்ல." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அந்த ரூம்ல நின்னா கைய எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியல."

பொடிசு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்பாவின் டம்ளர் காலியாக இருந்ததைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"போதும்மா" என்றார் அவர்.