செல்லத்தின் பத்தியம்

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்று, கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் இடத்தில் நின்றிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மலாயாவில், பொந்தியானில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் அன்னாசித் தோட்டத்தில் எனக்கு வேலை. பழத்தை வெட்டி, கூடையில் சுமந்து, வாய்க்காலில் நிற்கும் படகில் கொட்ட வேண்டும். அது ஆலைக்குப் போய் டப்பாவில் அடைபடும். எந்தச் சீமையிலோ வெள்ளைக்காரன் தின்பான். என் பெண்டாட்டி செல்லத்துக்கு மட்டும் ஒரு துண்டு கிடையாது.

அவள் பிள்ளை பெற்று இரண்டு மாதம். ஈறு வீங்கி, வாய் கொப்பளித்தால் ரத்தம் வந்தது. காலெல்லாம் அடிபட்டதுபோல நீலத் திட்டுகள். கடைசியில் எழுந்து நிற்கவும் முடியவில்லை. மாசமாக இருந்தபோது, பழம் தின்றால் கரு கலையும் என்று என் ஆத்தா காளியம்மா தடுத்தாள். பிள்ளை பிறந்த பிறகு பத்தியம். சோறு, சுட்ட கருவாடு, பூண்டு, மிளகு. வேறு எதுவும் இல்லை.

வாரம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு வரும் டிரசர் ரோலண்ட் அவள் காலைப் பார்த்தார்.

"ஒங்க சம்சாரம் பழம் சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்."

"பழத்துல ஒரு சத்து இருக்கு. அது இல்லாட்டி ரத்தக் குழாய் இத்துப் போயிரும். உள்ள ஓட வேண்டிய ரத்தம் வெளிய கசியும். இந்த நீலமெல்லாம் அதுதான். இப்படியே உட்டா பத்து நாள் தாங்க மாட்டாங்க. இன்னைக்கே அன்னாசி குடுங்க."

நாள் முழுக்க அன்னாசி சுமக்கிறவன் பெண்டாட்டிக்கு அன்னாசிதான் மருந்தாம்! நேரே படகடிக்குப் போய்ப் பழுத்த பழம் ஒன்றை எடுத்தேன்.

"வெய்யிடா அத! எடுத்தா வேல போயிரும்" என்றான் எங்களை வேலை வாங்கும் மண்டோர் மணியம்.

"போவட்டும். செல்லம் செத்தா ஒன் தவுக்கேயா வந்து எடுத்துப் போடப் போறான்?"

என் கையில் பாராங் கத்தி இருந்தது. அதனாலோ என்னவோ அவன் விலகி வழிவிட்டான்.

வீட்டு வாசலை ஆத்தா மறித்துக்கொண்டு நின்றாள்.

"பச்ச ஒடம்புக்காரிடா! புளிப்பு பட்டா ஜன்னி கண்டுரும். பால் கெட்டுப் புள்ளையும் போயிரும். நான் பாக்காத புள்ளப்பேறா?"

"நீ பாத்தது போதும், தள்ளு!"

பெற்றவளைத் தள்ளினேன். சுவரில் மோதி உட்கார்ந்தாள். நான் தூக்கிவிடவில்லை.

செல்லத்தால் மெல்ல முடியவில்லை. துணியில் பிழிந்து ஊட்டினேன். புண்ணான ஈறில் புளிப்பு பட்டதும் துடித்து அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் வாயைத் திறந்தாள்.

மறுநாள் மணியம் என் வேலைக்கு உலை வைத்தான். மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னான். கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் கொய்யாவும் எலுமிச்சையும் கொடுத்தார்கள். நாலு நாளில் ரத்தம் நின்றது. பன்னிரண்டாம் நாள் நான் கம்பத்திலிருந்து திரும்பும்போது, செல்லம் குழாயடியில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள்.

விறுவிறென்று வீட்டுக்குள் நுழைந்தேன். ஆத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள்.

"பாத்தியா? பழந்தின்னு செத்தா போயிட்டா?"

ஆத்தா பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ராசம்மாவுக்கும் காலு இப்பிடித்தான நீலமா இருந்துச்சு."

ராசம்மா என் அக்கா. தலைப்பிள்ளை பெற்று, இதே வீட்டில் ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனாள்.

"அவ அன்னாசி கேட்டாடா. சாவற அன்னைக்குக் காலைலகூடக் கேட்டா. நான்தான் குடுக்கல. அப்ப அவள நான்தான் கொன்னேனா?"

கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"இல்ல! அவளுக்கு வந்தது வேற சீக்கு!" என்று கத்தினேன்.

ஆத்தா நம்பவில்லை. பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்களே பாத்துக்குங்க. என் கை பட வேணாம்."