உபகாரத்தின் எடை

1956-இல் உபகாரத்தைத் தூக்கிலிட்டபோது காலடிப் பலகை விலகியது. அவன் கீழே விழவில்லை. கழுத்தில் கயிறு தளர்ந்து கிடக்க, அந்தரத்திலேயே நின்றான். தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பின் எடையெல்லாம் போய்விட்டது. சிறை மருத்துவர் நாடி பார்த்து, ஆரோக்கியமாக இருக்கிறான் என்றார். காலில் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சட்டத்தில் இடமில்லாததால், இறக்கி மறுபடி அறையில் பூட்டினார்கள்.

உபகாரம் கொடைக்கானல் நாயுடுபுரத்துக் கூலிக்காரன். தைலமரம் வெட்டிய தகராறில் ஒரு காவல்காரனைக் கொன்றவன். பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்ன முதலாளி சேனாதிபதியும் அதே வழக்கில் இருந்தார். அவருக்குச் சென்னையிலிருந்து வக்கீல் வந்தார், முதலாளி விடுதலையானார்.

மரண தண்டனை நியாயமாக நடக்கிறதா, அதற்கு என்ன செலவாகிறது என்று ஆராயச் சட்டமன்றக் குழு ஒன்று அடுத்த கோடையில் கொடைக்கானல் ஏரிக்கரை பங்களாவில் கூடியது. வெயிலுக்கு அந்த இடம்தான் வசதி. உபகாரத்தின் மனைவி கித்தேரியம்மாள் அவர்கள் முன் போய் நின்றாள்.

“அடிச்ச கை எங்க வீட்டுக்காரரோடதுதாங்க. அடின்னு சொன்ன வாய் முதலாளியோடதுங்க. சர்க்காரு குடுத்த வக்கீலு கோர்ட்டுல இவரு பேரையே மாத்திச் சொன்னாருங்க.”

குழுத் தலைவர் குருநாதன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அது கெடக்கட்டும்மா. சோறே திங்காத ஆளுக்கு ராப்பகலா காவல் போட வேண்டியிருக்கு. அந்தச் செலவுக்கு என்ன வழி?”

தண்டனை நியாயமானது, செலவுதான் அதிகம் என்று குழு முடிவு செய்தது. கைதியை மனைவியிடம் ஒப்படைக்கலாம். எடை ஏறியதும் தூக்கிலிடலாம்.

கித்தேரியம்மாள் அவன் இடுப்பில் கயிறு கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்து, மிதந்து போகாதபடி கட்டில் காலில் கட்டிப்போட்டாள். மாதாமாதம் போலீஸ்காரர் வேலப்பன் வந்து, உருளைக்கிழங்கு மண்டித் தராசில் அவனைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. ஆனால் வீட்டு உலை வாசத்தில் உபகாரத்துக்குப் பசி திரும்பிவிட்டது. ஒரு பிடி கேட்டு அழுதான். அவள் வெளியே மலைச்சரிவில் உட்கார்ந்து சாப்பிட்டு, வாயைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பச்சை உருளைக்கிழங்கு கிடைத்து அவன் கடித்தபோது, தாடையைப் பிடித்துத் திறந்து பிடுங்கினாள். கிழங்கோடு ஒரு பல்லும் வந்தது. சேனாதிபதி ஜீப்பில் போகும்போதெல்லாம் நிறுத்தி நலம் விசாரித்தார்.

இப்படியே வருஷங்கள் போயின. 1964 ஐப்பசி மழையில் உபகாரம் கூரையடியிலிருந்து சொன்னான்:

“அவங்க ஒரே நாளுல கொன்னுருவாங்க, கித்தேரி. நீ தெனமும் கொல்லுற.”

அவள் எழுந்து உலை வைத்தாள், கருவாட்டுக் குழம்பு காய்ச்சினாள். உண்ண உண்ண அவன் இறங்கினான். குதிகால் தரையில் பட்டது. தட்டு காலியானதும் மறுபடி போட்டாள். தானும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வேலப்பன் வந்தார். தராசு முள் நகர்ந்தது.

“வெரசா கெளம்புப்பா, பஸ்ஸு போயிரும்.”

உபகாரம் செருப்பு வேண்டாம் என்று சொல்லி, சரளைக்கல் குத்தக் குத்த நடந்து போனான்.

இந்தத் தடவை கயிறு இறுகியது. உடலைக் கொடுத்துவிட்டார்கள். நாலு பேர் கல்லறைக்குச் சுமந்து போனார்கள். செண்பகனூர் மேட்டில் கனம் தாங்காமல் தோள் மாற்றிக்கொண்டார்கள்.