புதன்கிழமை பெஞ்சு

என் கணவரைப் பத்திரிகை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளி முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் 'பர்த்டே'தான். காலைப் பதிப்பின் கடைசிப் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, 'இன்று பிறந்தவர்கள்' என்று ஒரு கட்டம் வரும். ஐந்து பேர், ஐந்து துறை. அது அவருடைய ராஜ்யம். ஒரே நாளில் இரண்டு பாடகர்கள் பிறந்து தொலைத்திருந்தால் ஒருவருக்குத்தான் இடம். இன்னொருவர் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும்.

ஒரே நாளில் பிறந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் என்பது அவர் கட்சி. நான் கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு பவர் பார்க்கிறவள். முதன்முதலாக என்னிடம் கண் சோதிக்க வந்தவர், பலகையில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னால் என் பிறந்த நாளைக் கேட்டார். சொன்னதும் கண்ணை மூடி யோசித்து, "நீங்க ஒரு எரிமலை ஆராய்ச்சியாளரோட ஆளு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே கட்டிக்கொண்டார், நான் என்ன செய்ய?

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அவர் அந்தக் கட்டத்தைத் தொடமாட்டார். அன்றைக்கு விளையாட்டுப் பக்கத்து நண்பர்தான் எழுதுவார். அதனால் அன்று மட்டும் ஐந்து பேரில் மூன்று பேர் பந்தாட்டக்காரர்களாக இருப்பார்கள். எங்கள் முதல் பெண் பிறந்த நாள் அது. அவள் காலையில் பிறந்தாள், அழவே இல்லை, மதியத்துக்குள் போய்விட்டாள். பெயர் வைக்கக்கூட எங்களுக்கு அவகாசம் தரவில்லை. வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவதும் அன்றோடு நின்றது. இருந்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வயசு.

இப்போது மறுபடியும் நிறைமாதம். இந்தக் குழந்தை வயிற்றில் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. பிடிவாதத்தில் யாரைக் கொண்டு பிறக்கப்போகிறது என்று எங்களோடு இருக்கும் என் கணவரின் அக்கா, என் அண்ணி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேஷன்தான் என்றார். அடுத்த வாரம் எந்த நாள் வேண்டுமானாலும் சரி, நீங்களே சொல்லுங்கள் என்று எங்களிடமே விட்டுவிட்டார்.

பர்த்டேக்காரரிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கலாமா? மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியின் தையல் மேசையில் வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு, அந்த வாரத்தையே பரப்பி வைத்தார். திங்கள்கிழமையில் ஒரு நாட்டியக்காரியும் கணக்கு மேதையும் இருந்தார்கள், ஆனால் இருவருமே அற்பாயுசு. செவ்வாய் நன்றாகத்தான் இருந்தது, கடைசியில் பார்த்தால் அதில் ஒரு சர்வாதிகாரி உட்கார்ந்திருந்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவனும் ஒரு அம்மா வயித்துலதானேடா பொறந்தான்" என்றாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி.

செவ்வாயிலிருந்து ஒரே தாவலில் வியாழனுக்குப் போனார். விண்வெளிக்குப் போனவள், கடல் ஆழம் அளந்தவர், நூறு வயது வாழ்ந்த ஓவியர் என்று வியாழனில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். நடுவில் ஒரு புதன்கிழமை இருந்ததை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணி மட்டும் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மதியங்களில் எனக்குத் தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அந்தச் சத்தத்திலேயே ஏறி நான் ஒரு பெரிய கூடத்துக்குப் போய்விடுவேன். ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை மாதிரி வரிசை வரிசையாக பெஞ்சுகள். ஒரு நாளுக்கு ஒரு பெஞ்சு. அந்த நாளில் பிறந்தவர்கள் எந்தக் காலத்து ஆளாக இருந்தாலும் அதில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். என் பெஞ்சில் எரிமலைக்காரர் கருகிய தொப்பியோடு இருந்தார். தள்ளி உட்காரச் சொன்னேன், முறைத்தார். சொந்தக்காரர்தான், சந்தேகமே இல்லை.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம் அந்தப் புதன்கிழமை பெஞ்சு வந்தது. பாலம் கட்டுகிற ஒருவர், கிளாரினெட் வாசிக்கிற ஒருவர், பாசி வகைகளைப் பிரித்துப் பெயர் வைத்த ஓர் அம்மா, ஒரு கோல்கீப்பர். நடுவில், கால் தரைக்கு எட்டாமல், ஒரு சின்னப் பெண். கோல்கீப்பரின் கையுறையை மாட்டிக்கொண்டு விரல்களைத் தேடிக்கொண்டிருந்தாள். என் மூக்கு, அவர் காது. யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாசி அம்மா குனிந்து அவளைக் கேட்டாள், "நீ என்னம்மா பண்ணினே?"

"பொறந்தேன்" என்றாள் அவள்.

பெஞ்சில் எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். கிளாரினெட்காரர் தன் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் கையுறையால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. ஆனால் அது துக்க அழுகை இல்லை. ரொம்ப நாள் பார்க்காத பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த நிறைவுதான் இருந்தது. எழுந்து டாக்டரம்மாவுக்கு போன் செய்து புதன்கிழமை என்று சொன்னேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது. வாரத்தில் வேறு நாளே இல்லையா என்றார். அந்த நாளில் இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தன்னால் நிற்க முடியாது என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கும் பயம்தான். அதே நாள், அதே ஆபரேஷன் தியேட்டர், இதுவும் அழாவிட்டால் என்ன செய்வது? இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஊர்ல பொறந்தவங்க அத்தனை பேரையும் எழுதறீங்க. நம்ம பொண்ணு பொறந்ததை மட்டும் நீங்க இன்னும் ஒத்துக்கலை. அவ செத்ததை மட்டும்தான் வச்சிருக்கீங்க."

அவர் சட்டைப் பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் புதன்கிழமை வரை எங்களுக்குள் சாப்பாடு, மருந்து, துணிப்பை என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை. அண்ணி யாருக்கும் பரிந்து பேசவில்லை. குழந்தைச் சட்டைகளாகத் தைத்துத் தள்ளினாள், தொட்டில் நிறைய.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைத் தயார் செய்தபோது நர்ஸ் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போனாள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கிடந்த நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பந்தாட்டக்காரர்கள் மூன்று பேரைக் காணோம். ஒரு கோல்கீப்பர் மட்டும் இருந்தார். பாலம் கட்டியவர் இருந்தார். பாசி அம்மா கூட இருந்தாள், நான் கனவை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கிளாரினெட்காரர் இல்லை, அவர் இடத்தில் யாரோ ஒரு பல் டாக்டர். எந்தக் கனவுதான் முழுசாகப் பலித்திருக்கிறது? ஐந்தாவது ஆளுக்கான இடம் அச்சேறாமல் வெள்ளையாக இருந்தது. எழுதியது அவர்தான், எனக்குத் தெரியாதா.

உள்ளே பச்சைத் துணிக்குப் பின்னால் என்னென்னவோ நடந்தது. நான் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். அது இப்போதும் வந்து என் தலைமாட்டில் நின்றது. 'நகர்ந்து உட்காருடி கண்ணு, ஆனா இதை உங்கிட்ட இழுத்துக்காதே' என்று மனசுக்குள் பெரியவளிடம் கெஞ்சினேன்.

அப்போது அது அழுதது. தியேட்டரே அதிரும்படி, யாரையோ திட்டுகிற மாதிரி அழுதது. பெண் என்றார்கள்.

எங்களை அறைக்குக் கொண்டுவந்தபோது அவர் சுவரோரம் நின்றிருந்தார். காலையிலிருந்து வராந்தாவில்தான் நின்றாராம், அண்ணி சொன்னாள். குழந்தையை வாங்கக் கை நீட்டினார், மடக்கிக்கொண்டார், மறுபடி நீட்டினார். நர்ஸ் எங்கள் பத்திரிகையின் வாசகி. பர்த்டேக்காரர் இவர்தான் என்று தெரிந்ததும் உச்சி குளிர்ந்துபோனாள். கேட்க வேண்டியதைக் கேட்டும்விட்டாள்.

"சார், இன்னைக்கு நாலு பேர்தானே போட்டிருக்கீங்க? அஞ்சாவது யாரு?"

அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"இவளோட அக்கா" என்றார்.

விஷயம் தெரியாத நர்ஸ் சிரித்தாள். "அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே நாளா? செலவு மிச்சம் சார் உங்களுக்கு."

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆனால் அவர் சிரித்தார். கண்ணில் நீர் வழிய வழிய, குழந்தை குலுங்கிவிடாமல் தோளை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஆமாம்மா" என்றார். "பெரியவளுக்குத்தான் இன்னும் பேரே வைக்கலை. ரெண்டு பேருக்கும் சேர்த்து வைக்கணும்."