டீ கிளாஸுக்கு ஒரு தொப்பி

செங்கம் சாலையில் நசீர் அகமதுவின் கடையில் ஒரு கிளாஸ் டீ மூன்று வருடம் நாலு மாதம் ஆறாமல் இருந்தது. ஆவி பறந்துகொண்டே இருந்தது, ஏடும் படியவில்லை. அதை ஊற்றியவர் நசீர்தான். மகள் நூரைன் நர்ஸ் வேலைக்குச் சென்னை போகப் பெட்டியுடன் நின்றாள். நிக்காஹ் பேசி முடித்த இடத்துக்கு என்ன பதில் சொல்வது என்ற கோபத்தில், கிளாஸை அவள் முன்னால் நங்கென்று வைத்தார். "இதக் குடிச்சிட்டுக் கெளம்பு. அப்புறம் இந்தப் பக்கம் வராத" என்றார். அவள் கிளாஸைத் தொடாமல் பஸ் ஏறினாள்.

அவர் மனைவி அஜ்மத் பேகம் அந்த வாரம்தான் கிளாஸ் உறை பின்னத் தொடங்கியிருந்தார். ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேயில், வெள்ளைக்காரர்களுக்குக் கை சுடாமல் இருக்க உல்லன் நூலில் உறை கேட்டிருந்தார்கள். இருபது வருடமாக அவர் குரோஷா ஊசியில் பின்னியது தொழுகைத் தொப்பி மட்டுமே. கை பழக்கத்தை விடுமா? உச்சியில் வளையம் போட்டு, சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டி, பிறகு நேராக இறக்கி, முதல் உறையை அடி மூடிய தொப்பியாகவே முடித்துவிட்டார். கஃபேக்காரர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மகள் விட்டுப்போன கிளாஸை, ஐயோ ஆறிவிடுமே என்ற தவிப்பில், அஜ்மத் பேகம் அதற்குள்தான் உட்கார வைத்தார்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையே நெருப்பு என்று நம்புகிற ஊருக்கு ஒரு கிளாஸ் டீ எம்மாத்திரம். யாருக்கென்று ஊற்றினார்களோ அவர் வந்து குடிக்கும்வரை அந்த உறையில் சூடு குறையாது என்று தெரிந்ததும், பாதி டீயில் சவாரி வந்துவிடுகிற ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கஃபேக்காரரும் கூச்சமில்லாமல் வந்து நாற்பது உறை கேட்டார். நசீர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்தக் கிளாஸைச் சாக்கடையில் கவிழ்த்தார். டீ இறங்கவில்லை. இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அடி அண்ணாமலையில் பூக்கட்டும் பாஞ்சாலை, லாரியில் போன புருஷனுக்காக ஊற்றி வைத்த டீ பதினோராம் நாள் சாயங்காலம் சில்லிட்டுப் போனது. ஒரு மணி நேரம் கழித்து அவன் விபத்தில் போய்விட்டதாக போன் வந்தது. அஜ்மத் பேகம் இரண்டு நாள் அவள் கூடவே இருந்தார். இனித் திரும்பி வரவே முடியாதவர்களின் டீ ஆறிவிடும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அதன்பிறகு நசீர் தினமும் கடை திறந்ததும், யாரும் பார்க்காத நேரத்தில், மகளின் கிளாஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பாவம், அப்போதும் ஒரு போன் போட மனம் வரவில்லை.

போன ஐப்பசிப் பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டம் வரத் தொடங்கிய காலையில், கிளாஸ் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவிடம் தினமும் பேசுகிற நூரைன் போனை எடுக்கவில்லை. "அடுப்புல இருக்கற பால நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றார் அஜ்மத் பேகம். நசீர் கிளாஸை உறையோடு பிடித்தபடி பஸ் ஏறினார். சென்னை வரைக்கும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நூரைன் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தாள். கட்டிலருகே போனதும் டீயில் மறுபடி ஆவி எழுந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், கிளாஸை நீட்டினார்.

"குடிம்மா."

அவள் வாங்கவில்லை. "இதக் குடிச்சா அப்புறம் வரக்கூடாதுன்னு சொன்னீங்களே அத்தா. அதான் அன்னிக்குக் குடிக்கல."

நசீர் வார்டில் எல்லோரும் பார்க்க அழுதார். "அப்ப நானே குடிச்சிடறேன். நீ வா" என்று சொல்லி, கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்தார். இந்த முறை டீ தடையில்லாமல் இறங்கியது.

எட்டாம் நாள் இருவரும் ஊர் திரும்பினார்கள். வெந்துபோன நாக்கில் நசீருக்கு ருசி தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கடையில் டீக்குச் சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. நூரைன் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.