வெடிபட்ட கால்

“மெதுவா ஊத்துங்க மகன். மையத்துக்கும் நோகும்,” என்றார் பள்ளிவாசல் அப்துல் ஸமட் லெவ்வை.

மக்கீன் வாளியைச் சரித்துப் பிடித்தான். வளவின் மூலையில், கிணற்றுக்கும் கிடுகு வேலிக்கும் நடுவில், சேலை கட்டி மறைத்த இடத்தில் அவனுடைய மாமனார் மீராசா மையத்தாகப் பலகையில் கிடந்தார். விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, கை கால் கழுவி ஒளூச் செய்யப் போன மனிதர், கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பிறகு எழும்பவில்லை. மக்கீன் கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவி வீட்டிலேயே இருப்பவன். ஆண்பிள்ளை இல்லாத மாமாவுக்கு மகனும் அவன்தான். குளிப்பாட்டக் கூட நிற்பது கடமை, நின்றான். கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஊர் அவரைப் பட்டாளத்து மீராசா என்றுதான் சொல்லும். சண்டைக் காலத்தில் மிஸ்று என்கிற எகிப்துப் பாலைவனத்தில் கெண்டைக்காலில் வெடி பட்டதாம். எட்டு வருசமாக நொண்டினார். நொண்டியதில் ஒரேயொரு குறை: மாரியில் இடது காலை இழுத்தால் கோடையில் வலது காலை இழுப்பார். கலியாண வீட்டுக்குப் போகும்போது ஒரு கால், தின்றுவிட்டு வரும்போது மற்றது. இதை மனைவி ஸுலைஹாவிடம் சொல்லப் போய் மக்கீன் ஒருதரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இப்போது இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. தண்ணீர் வழிந்து ஓடியது. ஒரு கீறல்கூட இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தேடினான். முள்ளுக் குத்தின அடையாளமாவது இருக்கக் கூடாதா என்று மையத்தின் மேலேயே கோபம் வந்தது.

லெவ்வை அவன் பார்வை போன இடத்தைக் கண்டுகொண்டார். ஈரத் துணியை இழுத்துக் காலை மூடினார்.

“குளிப்பாட்டின ஆள் கண்டத வெளிய கொண்டு போகப்படா. தெரியுந்தானே?”

“குறையத்தானே லெவ்வை சொல்லப்படா? இஞ்ச ஒரு குறையும் இல்லையே. அதுதானே கரச்சல்.”

“அதையுந்தான்,” என்றார் லெவ்வை.

வினை தொடங்கியது போன மாதம். கல்முனையில் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கூட்டம். மாமா மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு போய் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார். கொழும்பிலிருந்து வந்திருந்த பட்டாளத்து அதிகாரி ஒருவர், எந்தப் படையில் இருந்தீர்கள் என்று மரியாதையாகத்தான் விசாரித்தார். “எல்லாப் படையிலயும் இருந்தன் ஐயா,” என்றார் மாமா. அத்தோடு கெட்டது காரியம். பொலிசு வந்து மெடலைக் கொண்டு போனது. பின்னாலேயே சம்மனும் வந்தது. பட்டாளத்தில் இல்லாதவன் இருந்தவனாகக் காட்டி மெடல் குத்துவது குற்றமாம். ஆட்டுக் களவுக்கும் வரம்புச் சண்டைக்கும் கோட்டுக்குப் போய்ப் பழகிய ஊருக்கு, இப்படி ஒரு சட்டம் இருப்பதே அன்றுதான் தெரியும். மெடல் யாருடையது என்று பொலிசு எத்தனை தரம் கேட்டும் “என்டதான்” என்பதற்கு மேல் மாமா வாய் திறக்கவில்லை.

அது கச்சிமுகம்மதுவின் மெடல். அதே ஊர் சல்மா உம்மாவின் ஒரே மகன். மாமாவோடு ஒன்றாக ஊரைவிட்டுப் போனவன். உண்மையாகவே பட்டாளத்தில் சேர்ந்து, உண்மையாகவே மிஸ்றுச் சண்டையில் மவுத்தானவன். தபாலில் வந்த மெடலை, “என்ட புள்ளையோட கடைசி வரைக்கும் நிண்டவரு நீங்க, நீங்களே போடுங்க” என்று சல்மா உம்மாதான் மாமாவிடம் கொடுத்தார்.

சம்மன் வந்த அன்று மக்கீன் அவரை விடவில்லை.

“நீங்க போகவே இல்லையா மாமா?”

“போனன். ஆளெடுக்கிற இடத்தில நெஞ்சளவு காணாதெண்டு தள்ளிட்டானுகள். சண்டை முடியும் வரைக்கும் கொழும்புக் கடையொண்டில ரொட்டிக்கு மா பிசைஞ்சன்.”

“அப்ப என்னத்துக்கு இந்தக் கதை?”

“ஊருக்கு வந்து பஸ்ஸால இறங்கக்குள்ள அந்த மனிசி நிண்டிச்சி மருமகன். என்ட புள்ளைக்கு மவுத்து நேரம் ஆரு கலிமா சொல்லிக் குடுத்ததெண்டு கேட்டிச்சி. ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லவா?”

ஆரம்பம் அப்படி இருக்கலாம். அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் முதல் சஹன் தட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்ததும், சின்னப் பிள்ளைகளிடம் சலாம் வாங்கியதும் எந்த மனிசிக்காக? வழக்குக்கு முன்னம் நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று மக்கீன் கறாராகச் சொல்லிவிட்டான். “நாளைக்கு,” என்றார் மாமா. ஒவ்வொரு நாளும் நாளைக்கு. வருகிற வியாழன் வழக்கு. இன்று செவ்வாய்.

கபன் துணி சுற்றி முடித்தார்கள். மக்கீனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. படலைக்குப் போனான், திரும்பி வந்தான். கபுறுக் குழி வெட்டப் போனவர்களைப் பற்றி இரண்டாம் தரமும் விசாரித்தான். ஊர் விதானை வந்து தோளில் கை வைத்தார்.

“சம்மன் வாங்கின ஆள் மவுத்தாப் போனா வழக்கும் மவுத்துதான். இனி ஒரு பயமும் இல்ல.”

நல்ல செய்திதான். ஆனால் கோட்டில் வெளிவந்திருக்க வேண்டியதை இனி அவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

கிணற்றடியில் சேலையை அவிழ்க்கப் போனபோது சல்மா உம்மா அங்கே நின்றார். குளிப்பாட்டிய தண்ணீர் மணலில் இன்னும் முழுக்கக் காயவில்லை.

“மகன், மாமாவக் குளிப்பாட்டக்குள்ள நீங்க நிண்டீங்களா?”

“ஓம் மாமி.”

“அவர் சண்டைக்குப் போகவே இல்லையெண்டு ஊரு கதைக்கிது. சம்மன் வந்ததிலயிருந்து எனக்கு நித்திரை இல்ல. அவர் போகல்லெண்டா என்ட புள்ளைட வாயில தண்ணி ஊத்தினது ஆரு? கலிமா சொன்னது ஆரு? உசிரோட ஹயாத்தா இருக்கிற ஆம்புளைட காலக் காட்டச் சொல்லி நான் கேக்கேலுமா? இப்ப நீங்க கண்டிருப்பீங்க. வெடிபட்ட காயம் கிடந்திச்சா?”

இதற்கு வேண்டிய வசனத்தைக் கூட மக்கீன் தயாராக வைத்திருந்தான். ‘மாமி, மன்னிச்சிக்கங்க’ என்று தொடங்கும் வசனம். சல்மா உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அழுத முகம் இல்லை. கேட்டதற்குப் பதில் வரட்டும் என்று காத்து நிற்கும் முகம்.

“கிடந்திச்சி மாமி. பெரிய தழும்பு.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு கேட்டார்:

“எந்தக் காலில?”

மாமா, எந்தக் காலைச் சொல்லி வைத்தீர்கள்? நீங்கள் பஸ்ஸால் இறங்கியது மாரியா, கோடையா?

“வலது காலில.”

சல்மா உம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“அந்த மெடலப் பொலிசில கேட்டு எடுத்து உங்கட ஊட்டிலயே வைங்க மகன்.”

பெண்கள் இருந்த அறைக்குள் போய்விட்டார். அவன் பொய் எடுபட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று ஒரு அடி வைத்தான். அதற்குள் மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கக் கூப்பிட்டார்கள்.

முன்பக்கம் லெவ்வை, அவருக்குப் பின்னால் மக்கீன் வலது தோளைக் கொடுத்தான். உள்ளே அழுகை ஓங்கியது. ஸுலைஹாவின் குரல் தனியாகக் கேட்டது. அதற்கும் மேலே, முற்றத்துக்கே கேட்கும்படி, சல்மா உம்மா கத்திச் சொன்னார்:

“இனி ஆரும் ஒண்டும் கதைக்கப்படா! மருமகன் கண்ணால கண்டிருக்காரு. இடது காலில, கெண்டையில, பெரிய தழும்பு! எனக்கு அண்டைக்குச் சொன்ன அதே இடம்!”

மக்கீனின் கால் நின்றது. பின்னால் வந்தவர் அவன்மேல் முட்டிக்கொண்டார். லெவ்வை திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமாகக் கலிமாவைத் தொடங்கினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

படலையைத் தாண்டி மணல் ஒழுங்கையில் இறங்கியதும் மக்கீன் சந்தூக்கின் மறுபக்கம் போய், இடது தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.